கட்ஸர் கணவாயும் ஒரு தண்ணீர் பாட்டிலும் (உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்)

கோவை_நடையன்

காஷ்மீர் கிரேட் லேக்ஸ் (காஷ்மீரில் மலை ஏரிகள் வழியாகப் போகிற பல நாள் டிரெக்) போனவர்களுக்கு விஷன்ஸர் ஏரியில் இருந்து கட்ஸர் போகிற நாள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மொத்தப் பயணத்தில் அதுதான் பெரிய ஏற்றம், கணவாய் உச்சி கிட்டத்தட்ட 4,200 மீட்டர். மேலே நின்று திரும்பிப் பார்த்தால் விஷன்ஸரும் கிருஷன்ஸரும் ஒரே பார்வையில் கீழே கிடக்குமே, போனவர்கள் எல்லோரும் போட்டிருக்கிற அந்தப் படம்தான் எனக்கும் வேண்டியிருந்தது. பத்து மணிக்கு மேல் மேகம் வந்து மூடிவிடும் என்று கைடு முந்தின ராத்திரியே சொல்லிவிட்டார், அதில் இருந்தே எனக்குப் பரபரப்பு.

நாங்கள் 16 பேர். பாதிக்கு மேல் ஸ்ரீநகரில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அதில் 58 வயது சார் ஒருவர், திருச்சிப் பக்கம், பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கியவர். மெதுவாக நடப்பார், ஆனால் சும்மா சும்மா உட்கார மாட்டார். நிச்னை கணவாய் இறக்கத்தில் அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அதனால் அன்று காலை நான்தான் வலியப் போய், "சார், உங்க தண்ணி வெயிட்டை என்கிட்ட குடுங்க, நான் பக்கத்துலயேதான் வருவேன்" என்றேன். அவர் வேண்டாம் என்றார். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

கிருஷன்ஸர் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும், முன்னால் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து நானும் வேகத்தைக் கூட்டிவிட்டேன். ஒரு வளைவில் அவர் கீழே இருந்து "தம்பி" என்றார். மூச்சு வாங்கிக்கொள்ள நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து "மேல பாப்போம் சார்" என்று கத்திவிட்டுப் போய்விட்டேன். சத்தியமாக அப்போது பாட்டில் நினைப்பே இல்லை.

மேலே படம் எடுத்தாயிற்று. பிஸ்கெட் எடுக்கப் பைக்குள் கையை விட்டால் ஜில்லென்று தட்டுப்பட்டது. கீழே எட்டிப் பார்த்தேன், சிவப்பு பாஞ்சோ ஒன்று பத்து அடி நடப்பதும் நிற்பதுமாகத் தெரிந்தது. இறங்கிப் போய்க் கொடுத்திருக்கலாம். போகவில்லை. பின்னால் வருகிற கைடிடம் தண்ணீர் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைடு தன் தண்ணீரை எல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்து முடித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். உதடு வெளுத்து வெடித்திருந்தது. கையுறையில் ஈரமாகப் பனி ஒட்டியிருந்தது, வழியில் பனித்திட்டைச் சுரண்டி வாயில் போட்டிருக்கிறார். நான் பாட்டிலை நீட்டினேன். ஒரே மூச்சில் பாதி குடித்தார். மூடியைத் திருகினார், இன்னொரு தடவை திருகிச் சரிபார்த்தார், அப்புறம் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "தேங்க்ஸ் தம்பி" என்றார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

மலர்_மதுரை

அதே டிரெக், அதே வருடமா என்று தெரியாது. சத்ஸரில் ராணுவ முகாமில் அடையாள அட்டை காட்டிவிட்டு வந்து கூடாரம் போட்ட சாயங்காலம். பக்கர்வால் குடும்பங்கள், ஆடு மேய்க்கிற நாடோடிகள், அங்கே இருப்பார்களே, அதில் ஒரு பெண் எங்கள் சாப்பாட்டுக் கூடாரத்து வாசலில் வந்து நின்று "தவாய், தவாய்" என்று முதுகைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அங்கே போகிறவர்களிடம் மருந்து கேட்பது சகஜம்தான். மற்றவர்கள் எல்லோரும் சூப்பில் மூழ்கியிருந்தார்கள். நான் போய் என் பையில் இருந்த வலி மாத்திரை, சாதாரண பாரசிட்டமால் இல்லை, கொஞ்சம் காரமானது, மூட்டுக்காக டாக்டர் எழுதிக்கொடுத்தது, அதில் ஒரு அட்டையை அப்படியே கொடுத்துவிட்டேன். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று விரலில் காட்டினேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அப்போது போர்வை விலகியது. வயிறு. ஏழு மாதமாவது இருக்கும்.

எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. ராத்திரி எங்கள் குழுவில் இருந்த ஒரு டாக்டர் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஸ்லீப்பிங் பேக்கில் இருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்த வகை மாத்திரை கூடவே கூடாதாம், குழந்தையின் இதயத்தை ஒட்டி இருக்கிற ஒரு ரத்தக் குழாயைச் சீக்கிரமே மூடிவிடக்கூடுமாம். விடியற்காலை நாலரைக்கு டார்ச்சோடு இரண்டு பேரும் தேடிப் போனோம். கல்லடுப்பு சூடாக இருந்தது. ஆடும் இல்லை, ஆளும் இல்லை.

சீனியர்_டிரெக்கர்_67

கோவை தம்பி, உணர்ச்சிவசப்படுவது இருக்கட்டும், முதலில் அடிப்படையைப் பேசுவோம். நான் 2009-ல் இருந்து இமயமலை ஏறுகிறேன், ஹம்தா, தர்ஸர் மர்ஸர், கேதார்காந்தா என்று பட்டியல் போட்டால் இடம் போதாது. என் அனுபவம் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: சந்திரதால் ஏரி முகாமில் ஒரு பையன் மணாலியில் இருந்து நேராக ஜீப்பில் வந்து இறங்கி, அன்று ராத்திரியே தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான், காரில் தூக்கிப்போட்டு இறக்கினோம். 2,000 மீட்டரில் காலை டிபன், 4,200 மீட்டரில் ராத்திரி தூக்கம் என்றால் உடம்பு என்ன செய்யும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 58 வயது ஆள் ஒரே ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு கட்ஸர் கணவாய் ஏறினாரா? குறைந்தது இரண்டு லிட்டர் இல்லாமல் முகாமை விட்டுக் கிளம்பவே கூடாது. அவர் மேலும் தப்பு இருக்கிறது, அதைக் கொடுத்தது பெரிய தப்பு. தண்ணீர், மழைச்சட்டை, டார்ச், சொந்த மருந்து, இந்த நாலையும் சம்சாரமே கேட்டாலும் கொடுக்காதே என்று நான் கூட்டிப் போகிற எல்லோரிடமும் சொல்வேன். உயரத்தால் வருகிற தலைவலி, வாந்தியைத் தடுக்கிற டயமாக்ஸ் மாத்திரை போட்டாரா? 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளில் இருந்து, டாக்டரிடம் கேட்டுவிட்டு. சல்ஃபா அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போட்டால் விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும், அதைப் பார்த்து பயந்து பாதியில் நிறுத்துகிறவர்களே அதிகம். சிறுநீர் போகிறதே என்று தண்ணீரைக் குறைப்பார்கள் பாருங்கள், அது அதைவிட முட்டாள்தனம். அப்புறம் ஷூ. கடையில் காலையில் போய் வாங்காதீர்கள், சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது வாங்குங்கள், கட்டை விரலுக்கு முன்னால் அரை இஞ்ச் இடம் வேண்டும். இந்த டிரெக்கின் கடைசியில் கங்காபலில் இருந்து நாராநாக் போகிற இறக்கத்தில் நகம் கருத்துப்போய் வருகிறவர்கள் எல்லோரும் இந்த அரை இஞ்சில் கோட்டை விட்டவர்கள்தான். நகத்தையும் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் வெட்டுங்கள், அன்றைக்கே வெட்டினால் சதை கடிக்கும். ஜம்மு காஷ்மீரில் நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும், இதைக் கூடத் தெரியாமல் வந்து என் போனைக் கேட்கிறவர்களை என்ன சொல்வது. பருத்தி பனியன் போடாதீர்கள். வியர்வை காயாது, கணவாயில் நின்றால் குளிர் உள்ளே இறங்கும்.

மதுரை அம்மா, மருந்து கொடுத்தது தவறு. வேறு சொல்வதற்கில்லை.

கடைசி_ஆள்

நான் இங்கே எழுதியதே இல்லை, சீனியர் சாருக்காகத்தான் எழுதுகிறேன். சார், நான் அந்தக் கடைசி ஆள். எல்லா டிரெக்கிலும் நான்தான். எடை 84 கிலோ, ஆஸ்துமா கிடையாது, பயிற்சியும் செய்துவிட்டுத்தான் போகிறேன், ஆனாலும் மெதுவாகத்தான் நடப்பேன். முன்னால் போகிறவர்களுக்கு ஒன்று புரிவதே இல்லை. நீங்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து இருபது நிமிடம் இளைப்பாறுவீர்கள். நான் வந்து சேர்ந்ததும் "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்பீர்கள். அன்று முழுக்க ஓய்வே இல்லாமல் நடந்தது நான்தான்.

என் சம்பவம் ஹம்தா கணவாய் நாள். மணாலிப் பக்கத்துப் பச்சை எல்லாம் முடிந்து லாஹௌல் பக்கம் வெறும் மண்ணும் கல்லுமாக இறங்குவோமே, ஷியா கோரு முகாமுக்கு. மற்றவர்கள் மூன்று மணிக்குப் போய்விட்டார்கள், நான் ஐந்தரைக்கு. தூரத்தில் மஞ்சள் கூடாரம் தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்தது, நல்ல அழுகைதான். யாரும் பார்க்காமல் போய் விழ வேண்டும் என்றுதான் இருந்தது. அப்போது ஒருவர் எழுந்து கைதட்டினார். அப்புறம் எல்லோரும் வரிசையாக நின்று கைதட்டினார்கள், ஒருவர் விசில் அடித்தார், ஒருவர் போனில் படம் எடுத்தார். நல்ல மனசில்தான் செய்தார்கள், எனக்குத் தெரியும். ஸ்கூல் விளையாட்டு விழாவில் எல்லோரும் முடித்த பிறகு தனியாக ஓடி வருகிற பிள்ளைக்குத் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல். நான் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டேன். மறுநாள் சத்ருவுக்கு நடந்து இறங்கியதும் அங்கிருந்து சந்திரதாலுக்கு ஜீப்பில் எல்லோரும் போனார்கள், தலைவலி என்று சொல்லி சத்ரு முகாமிலேயே இருந்துவிட்டேன். இவ்வளவு தூரம் போய் அந்த ஏரியைப் பார்க்காமல் வந்தேன்.

கோவை நண்பரே, அந்த சாருக்குத் தண்ணீரைவிட, நீங்கள் கூட வருவேன் என்று சொன்னதுதான் பெரிதாக இருந்திருக்கும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போடி_மேற்கு

ஏரி இல்லை, ஆனால் குழு என்றதால் எழுதுகிறேன். எனக்கு ஊர் போடி. 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீ. அதற்கு இரண்டு வாரம் முன்னால் நண்பர்கள் ஆறு பேர் அதே பக்கம் போய் வந்தோம். புல் இடுப்புயரம், மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். எங்களில் ஒருவன் சிகரெட் பற்ற வைத்தான், நான் பிடுங்கி ஷூவில் தேய்த்தேன், அவன் ஒரு வாரம் பேசவில்லை. ஊருக்கு வந்து அந்தப் புல்லைப் பற்றி யாரிடமாவது சொன்னேனா? இல்லை. 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நான் சொல்லி ஒன்றும் மாறியிருக்காது என்று என் வீட்டில் சொல்கிறார்கள். இப்போது வனத்துறையே ஆன்லைனில் பதிவு வாங்கிக்கொண்டு 40 பாதைகளில் கைடோடு அனுப்புகிறது, நல்லதுதான். மார்ச்சில் மலைக்குக் கூப்பிட்டால் இன்றைக்கும் நான் போவதில்லை.

சான்ஹோசே_சங்கர்

எங்களுக்கு அமெரிக்காவில் யோசெமிட்டி தேசியப் பூங்கா, கதீட்ரல் ஏரி, ஆறு பேர், எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். பெர்மிட் வாங்கும்போதே ரேஞ்சர் கரடி டப்பா, அதாவது கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா, இருக்கிறதா என்று கேட்டார். வாசனை வருகிற எதுவும், பற்பசை, லிப் பாம் வரைக்கும், டப்பாவுக்குள்தான் இருக்க வேண்டும், கூடாரத்தில் ஒன்றும் கூடாது என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எங்களில் ஒருத்தருக்கு ராத்திரி தயிர் சாதம் இல்லை என்ற துக்கம், அதனால் எலுமிச்சை ஊறுகாய் பாக்கெட் ஒன்றைக் கூடாரத்து ஓரப் பையில் ஒளித்து வைத்திருந்தார். நாங்கள் அடுப்புப் பக்கம் இருந்தபோது கர்ரென்று துணி கிழிகிற சத்தம். கருங்கரடி. பாதி உடம்பு கூடாரத்துக்குள், பின்பக்கம் மட்டும் வெளியே. பாத்திரத்தைத் தட்டிக் கத்தியதும் தலையை வெளியே எடுத்தது. வாயில் பாக்கெட், மூக்கெல்லாம் எண்ணெய், காதில் ஒரு பட்டை மாட்டியிருந்தது. ஒரு தும்மல் போட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், இதை எத்தனையோ பார்ட்டியில் சொல்லியாயிற்று.

கீழே வந்து சொன்னபோது ரேஞ்சர் சிரிக்கவில்லை. மனுஷச் சாப்பாட்டு ருசி பழகிவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும், கடைசியில் சில கரடிகளைக் கொல்ல வேண்டிவரும் என்றார். காதுப் பட்டை என்ன நிறம் என்று கேட்டார். மற்ற ஐந்து பேரும் ஐந்து நிறம் சொன்னார்கள். நான் பார்த்தது மஞ்சள், அதை மட்டும் சொல்லாமல் தெரியவில்லை என்றேன்.

சீனியர்_டிரெக்கர்_67

கைதட்டியதை எல்லாம் ஒரு குறையாகச் சொன்னால் அடுத்த தடவை யாரும் எதற்கும் தட்ட மாட்டார்கள். மெதுவாக நடப்பவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும், இது எல்லாக் குழுவிலும் நடப்பதுதான், கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். படி ஏறிப் பழகுங்கள், தோளில் எட்டு கிலோ வைத்துக்கொண்டு, வாரம் நாலு நாள், ஏறும்போது மூக்கால் மூச்சு விடுங்கள். தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை, ஒரு லிட்டர் பாட்டிலா, முக்கால் லிட்டரா? ஒரே பாட்டில் என்றால் நான் சொன்னதில் மாற்றமில்லை.

மலர்_மதுரை

தவறு என்று தெரிந்துதான் சார் இங்கே எழுதினேன்.

கோவை_நடையன்

கடைசி_ஆள், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் நன்றாகத்தான் பேசினார், கங்காபலில் ஹர்முக் சிகரத்தைப் பின்னால் வைத்துப் படம்கூட எடுத்துக் கொடுத்தார். வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து போடுவார். நான் கட்டை விரல் போடுவேன், அவ்வளவுதான்.

சீனியர் சார், ஒரே பாட்டில் இல்லை. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு வைத்திருந்தார். இரண்டும் என் பையில்தான் இருந்தன.