பிஜி_வால் 130 ஜிபி ஆகிவிட்டது, செக்பாயின்ட் ஓட்டியும் குறையவில்லை

கேள்வி:
போஸ்ட்கிரஸ் 14 டேட்டாபேஸ், உபுண்டு சர்வர். டேட்டா டிஸ்க் 200 ஜிபி. டேட்டாபேஸ் மொத்தமே 35 ஜிபிதான், ஆனால் வால் ஃபைல்கள் (ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் லாக்) இருக்கும் பிஜி_வால் ஃபோல்டர் மட்டும் 130 ஜிபி. மேக்ஸ்_வால்_சைஸ் 2 ஜிபி என்றுதான் இருக்கிறது. செக்பாயின்ட் (மெமரியில் உள்ள மாற்றங்களை டேட்டா ஃபைல்களில் எழுதி முடிக்கும் வேலை) கையால் ஓட்டிப் பார்த்தும் பயனில்லை. பழைய தேதியுள்ள ஃபைல்களை ஆர்எம் போட்டு நீக்கிவிடலாமா? புரொடக்‌ஷன் என்பதால் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1:
அதில் கை வைக்காதீர்கள் சார். தேதியை நம்பவே கூடாது. போஸ்ட்கிரஸ் பழைய 16 எம்பி ஃபைலுக்கு அடுத்து வரப்போகும் எண்ணைப் பெயராக வைத்து மறுபடி எடுத்துக்கொள்ளும். பெயர் மாறினாலும் தேதி பழையதாகவே நிற்கும். தேவையான ஃபைல் ஒன்று போய்விட்டால் இப்போதைக்கு எதுவும் தெரியாது. சர்வர் கிராஷ் ஆகி எழும்போதுதான் ரெக்கவரி பாதியில் நின்றுபோகும்.

மேக்ஸ்_வால்_சைஸ் உச்சவரம்பு இல்லை. செக்பாயின்ட்டை எப்போது தொடங்குவது என்பதற்கான கணக்கு மட்டுமே. வால் ஃபைல்களைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் எதுவரை வால் வாங்கியது என்ற குறிப்பு), தோற்றுக்கொண்டே இருக்கும் ஆர்க்கைவ்_கமாண்ட் (வாலை வேறிடத்தில் சேமிக்கும் கட்டளை), பெரிதாக வைத்த வால்_கீப்_சைஸ் (நகல் சர்வருக்காக எப்போதும் வைத்திருக்கும் வால் அளவு). பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் வியூவில் ஆக்டிவ், ரீஸ்டார்ட்_எல்எஸ்என் (எந்த இடத்திலிருந்து வால் தேவை), வால்_ஸ்டேட்டஸ் மூன்றையும் பாருங்கள். பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் ஃபெயில்ட்_கவுன்ட் ஏறிக்கொண்டே போகிறதா என்பதும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
ஆர்க்கைவ்_மோடு ஆஃப். ஃபிசிக்கல் ஸ்லாட் ஒன்று இருக்கிறது. ஆக்டிவ் ஃபால்ஸ், வால்_ஸ்டேட்டஸ் எக்ஸ்டெண்டட் (மேக்ஸ்_வால்_சைஸைத் தாண்டியும் பிடித்து வைத்திருக்கிறது). முன்பு இருந்த ஸ்டாண்ட்பை (நகல்) சர்வரினுடையது. அந்த மெஷினையே எடுத்தாகிவிட்டது.

பதில் 2:
ஆள் கிடைத்துவிட்டான். ஸ்டாண்ட்பை போனாலும் ஸ்லாட் தானாகப் போகாது. "அவன் வந்து கேட்பான்" என்று எல்லா வாலையும் சேர்த்துக்கொண்டே இருக்கும். பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் ஃபங்ஷனுக்கு ஸ்லாட்டின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள், பிறகு செக்பாயின்ட். ரீஸ்டார்ட் தேவையில்லை. ஃபோல்டர் பூஜ்யத்துக்கு வராது, அடுத்த சுற்றுக்காகக் கொஞ்சம் ஃபைல் வைத்துக்கொள்ளும்.

இதே தவறு லாஜிக்கல் ஸ்லாட்டில் (டேபிள் மாற்றங்களை வேறு கருவிகளுக்கு அனுப்பும் வகை) என்றால் அவசரப்படக் கூடாது. அதிலிருந்து டேட்டா இழுக்கும் கருவி ஏதாவது இருந்தால், டிராப் செய்தபின் முழு டேட்டாவையும் முதலிலிருந்து மறுபடி காப்பி எடுக்க வேண்டி வரும்.

இனி வராமலிருக்க மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் (ஸ்லாட் பிடித்துவைக்கும் வாலுக்கான வரம்பு) வையுங்கள். 13ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. உங்கள் டிஸ்க்குக்கு 40 ஜிபி போதும், ரீலோட் செய்தாலே எடுத்துக்கொள்ளும். வரம்பு தாண்டினால் ஸ்லாட் "லாஸ்ட்" ஆகும், அதற்குத் தேவையான வால் போய்விட்டது என்று பொருள். ஆர்க்கைவ் இல்லாத உங்கள் அமைப்பில் ஸ்டாண்ட்பையை பிஜி_பேஸ்பேக்கப் (முழு நகல்) எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டியதுதான். பிரைமரி (முதன்மை சர்வர்) படுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போனது. அந்த ஸ்டாண்ட்பையில் ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக் (தன் கேள்விகளுக்குத் தேவையான பழைய வரிசைகளை அழிக்காதே என்று பிரைமரிக்குச் சொல்லும் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால் ஸ்லாட்டின் எக்ஸ்மின் (ஸ்லாட்டுக்காகக் காக்க வேண்டிய மிகப் பழைய டிரான்சாக்‌ஷன் எண்) பழைய எண்ணிலேயே உறைந்திருக்கும். அதுவரை வேக்கூமால் செத்த வரிசைகளை (அப்டேட், டெலீட் ஆனதால் பயனற்றுப்போனவை) அகற்ற முடிந்திருக்காது, டேபிள்களும் வீங்கியிருக்கும். டிராப் செய்வதற்கு முன் அந்த வியூவில் எக்ஸ்மின் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பு இருந்தால், டிராப் முடிந்தபின் அதிகம் அப்டேட் ஆகும் டேபிள்களில் வேக்கூம் வெர்போஸ் ஓட்டுங்கள். சாதாரண வேக்கூம் அந்த இடத்தை டேபிளுக்குள்ளேயே மறுபடி பயன்படுத்தத் தரும், டிஸ்க்குக்குப் பெரும்பாலும் திருப்பித் தராது. வேக்கூம் ஃபுல் தந்துவிடும், ஆனால் முடியும்வரை டேபிள் முழுதாகப் பூட்டப்பட்டுவிடும். பகல் நேரத்தில் வேண்டாம்.

டிஸ்க் முழுக்க நிரம்பி சர்வரே எழாத நிலை வந்தால் பிஜி_ரீசெட்வால் (வாலை அழித்துப் புதிதாகத் தொடங்கும் கருவி) பக்கம் போகாதீர்கள், டேட்டா சிதைந்துவிடக்கூடும். வால்யூமைப் பெரிதாக்குங்கள். முடியாவிட்டால், சர்வர் நின்றிருக்கும்போதே பிஜி_வால் ஃபோல்டரை முழுதாக வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி சிம்லிங்க் கொடுங்கள். ஓனர் போஸ்ட்கிரஸ், பெர்மிஷன் 700. பாதி ஃபைல்களை மட்டும் நகர்த்தினால் எழாது.

கேள்வி கேட்டவர்:
எக்ஸ்மின் காலியாகத்தான் இருந்தது. டிராப், செக்பாயின்ட் முடிந்ததும் 2 ஜிபிக்கு இறங்கிவிட்டது. 40 ஜிபி வரம்பும் வைத்தாயிற்று. நன்றி.