மறு: மறு: மேசை போனும் செல்போனும் ஒன்றாக அடிப்பதற்கு ஒரு சொல் (அவசரம்)

செ., கோவை:
வணக்கம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர்களுக்கான தொலைபேசிச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை இரவு கோப்பை ஒப்படைக்க வேண்டும். அலுவலக லேண்ட்லைனுக்கு அழைப்பு வந்தால் மேசை போனும் ஊழியர் செல்போனும் ஒருசேர அடிக்கும். ஒன்றை எடுத்ததும் மற்றது அடங்கிவிடும். இந்த வசதிக்குப் பொத்தானில் அடங்கும் சிறு சொல் தேவை. 'அழைப்பு முன்னனுப்பல்' பக்கத்துப் பொத்தானில் ஏற்கெனவே இருக்கிறது.

இரா., மதுரை:
இணைமணி.

வே., திருச்சி (தொலைபேசித் துறையில் ஓய்வு):
தம்பி, 'இணை' வேண்டாம். ஒரே லைனில் கூடத்தில் ஒன்று, அறையில் ஒன்று என்று இரண்டு கருவி வைப்போமே, அதை 'பேரலல்' என்போம். அதில் இருவரும் எடுத்தால் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கலாம். உங்கள் செயலியில் அப்படி இல்லை. இணைமணி என்றால் முதலாளி ஒட்டுக்கேட்கிறார் என்றுதான் ஊழியர் நினைப்பார். 'உடன்மணி' சரிவரும். இன்னொன்று: 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனை அழைக்க முன்னால் 0 போட வேண்டும். உதவிக்குறிப்பில் அது இருக்கிறதா?

ந., தஞ்சாவூர்:
கவைமணி என்பதே பொருத்தம். இணையவழி அழைப்புகளை இணைக்கும் 'சிப்' (SIP) நெறிமுறைக்கு 2002இல் வந்த ஆவணத்திலேயே, ஓர் அழைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்தனுப்புவதை 'ஃபோர்க்கிங்' என்கிறார்கள். இரண்டாகப் பிரியும் கிளையைக் குறிக்கும் கவை நம் பழஞ்சொல். குறுந்தொகை 324இல் 'கவைமக' என்பது இரட்டைப் பிள்ளைகள். முதலை கிடக்கும் வழியில் வரும் தலைவனுக்காகவும் இங்கே காத்திருக்கும் தலைவிக்காகவும் ஒருங்கே அஞ்சும் தோழி, இரு பிள்ளைகளும் நஞ்சுண்ட தாயைப் போலத் தவிக்கிறாள். அந்தத் தொடராலேயே புலவர் பெயரும் கவைமகன் ஆயிற்று. ஓர் எண், இரு மணி. வேறென்ன வேண்டும்?

இரா., மதுரை:
ஐயா, பம்ப்செட் கடையில் பில் போடும் பையன் அதைப் பார்த்தால் கவட்டை என்று நினைப்பான். கவைக்குதவாத சொல் என்று நம்மையே திட்டுவார்கள்.

ந., தஞ்சாவூர்:
நீங்கள் கேலிக்குச் சொன்ன தொடரிலும் கவை உயிரோடு இருக்கிறதே! தூணாக வேண்டாம், கவைக்கோலாகக்கூட ஆகாத மரம் என்பதிலிருந்து வந்ததாக இருக்கலாம். 'கவடு', 'கவட்டை', 'கவான்' எல்லாம் ஒரே வேர்.

த., யாழ்ப்பாணம்:
செல்போன் எண்டு எழுதிக்கொண்டு மணிக்கு மட்டும் சங்ககாலம் போறியள். முதலில கைப்பேசி எண்டு திருத்துங்கோ.

இரா., மதுரை:
ஒற்று எதற்கு? தொலைபேசிக்கு மிகவில்லையே.

ந., தஞ்சாவூர்:
'தொலை' வினைத்தொகையாகக் கொள்ளத்தக்கது; 'கை' பெயர்ச்சொல். கையில் வைத்துப் பேசுவது என்று விரித்தால் ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, மிகும்.

வே., திருச்சி:
பையன் நாளைக்குக் கோப்பு கொடுக்கணும்.

செ., கோவை:
நன்றி. பொத்தானில் 'உடன்மணி', கீழே சிறு எழுத்தில் 'இரண்டு போனிலும் மணி அடிக்கும்' என்று போட்டுவிட்டேன். 0 பற்றிய குறிப்பு விடுபட்டிருந்தது, சேர்த்தாயிற்று. செல்போன் செல்போனாகவே இருக்கிறது, யாழ்ப்பாணத்து அக்கா மன்னிக்கவும்.

த., யாழ்ப்பாணம்:
சைலண்டில வைச்சிருக்கிற ஆளுக்கு எந்த மணி?

ந., தஞ்சாவூர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கவையின் வேர் குறித்துத் தனி இழை தொடங்குகிறேன்.