டெக்னீசியம் ஜெனரேட்டருக்குத் தமிழில் என்ன? 'கறவைக்கலன்' பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனை ஸ்கேனுக்கு வேண்டிய கதிரியக்க டெக்னீசியத்தை அவ்வப்போது எடுத்துக்கொள்ள உதவும் பெட்டிதான் டெக்னீசியம் ஜெனரேட்டர். அதற்குத் தமிழில் 'கறவைக்கலன்' என்பது என் பரிந்துரை. மற்றவர்களிடமிருந்து வந்த பரிந்துரைகளில் 'மின்னியற்றி'யை முதலில் ஒதுக்கிவிடலாம். அகராதி அப்படித்தான் சொல்கிறது, சரி. ஆனால் இந்தப் பெட்டியில் மின்சாரம் எங்கே? ஈயக் கவசத்துக்குள் ஒரு சின்னக் குழல், அதில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூள், தூளைப் பற்றிக்கொண்டு மாலிப்டினம்-99. அது 66 மணி நேர அரை ஆயுட்காலத்தோடு சிதைந்து, 6 மணி நேரமே அரை ஆயுட்காலம் கொண்ட டெக்னீசியம்-99எம் ஆகிறது. 0.9 விழுக்காட்டு உப்புநீரைக் குழல் வழியாக விட்டால் டெக்னீசியம் அதோடு இறங்கிவிடும், மாலிப்டினம் அலுமினாவை விட்டு நகராது.

> 'ஐசோடோப்பாக்கி' பொருந்துமே?

அணு உலையும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியும் கூட ஐசோடோப்பாக்கிகள்தாம். யுரேனியம்-235 பிளவில் மாலிப்டினத்தை உண்டாக்குவது உலை. இந்தப் பெட்டியின் வேலை, தாயான மாலிப்டினத்திடமிருந்து சேயான டெக்னீசியத்தைப் பிரித்துப் பிரித்து எடுப்பது. சொல்லில் அது தெரிய வேண்டும்.

> கறவை என்பது தொழுவத்துச் சொல். மருத்துவ நூலில் எழுதினால் சிரிப்பார்கள்.

சிரிக்க மாட்டார்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1950களின் பிற்பகுதியில் இது உருவான நாள் தொட்டு, துறையினர் இதைப் பசு என்றும் எடுப்பதைக் கறப்பது என்றும்தான் பேசுகிறார்கள். பொருத்தமும் இருக்கிறது. இன்று காலை கறந்தால் ஏறக்குறைய 23 மணி நேரத்தில் டெக்னீசியம் மறுபடி உச்சத்துக்கு வரும். ஆகவே நாளைக் காலை அடுத்த கறப்பு. ஒரு வாரத்தில் தாய் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், புதுப் பெட்டி வர வேண்டும்.

> 'கழுவுகுழல்' போதாதா?

குழலே இல்லாத முறையும் உண்டே. பிளவில் கிடைக்காமல், மாலிப்டினம்-98 நியூட்ரானைப் பிடித்து உண்டாகும் மாலிப்டினம்-99-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாலிப்டினம் அதில் மிக அதிகம், சின்னக் குழலில் உள்ள அலுமினா அவ்வளவையும் பிடித்து வைக்காது. அதனால் நம் நாட்டில் 'பிரிட்' என்ற கதிர்வீச்சு, ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம், மாலிப்டினத்தின் காரக் கரைசலோடு மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானைக் கலக்கிப் பிரிக்கும் முறையையும் வழங்கி வந்திருக்கிறது. டெக்னீசியம் கீட்டோனுக்குப் போகும்; கீட்டோனை ஆவியாக்கிவிட்டு மிச்சத்தை உப்புநீரில் எடுப்பார்கள். இதையும் கறப்பது எனலாம், கழுவுவது எனச் சொல்ல முடியாது. ஜெர்மானியம்-68-இலிருந்து கேலியம்-68 எடுக்கும் பெட்டிக்கும் அதே சொல் செல்லும்.

இனி வடிவம். 'கறவி' என்று ஒருவர் எழுதியிருந்தார். பேச்சில் அது 'கருவி'யாகிவிடும். 'கறவைக்கலம்' எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் இலங்கைப் பாடநூல்களில் கலம் என்றால் உயிரணு. ஆகவே கறவைக்கலன்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது, கறந்த நீரில் மாலிப்டினமும் சேர்ந்து வந்துவிடும் பிழை. ஆங்கிலத்தில் இது 'பிரேக்த்ரூ'. அதற்கு வந்த 'ஊடுருவல்', 'முறிவு' என்ற பரிந்துரைகள் எதையும் விளக்கவில்லை. தாய் அணுக்கரு, சேய் அணுக்கரு என்று பாடநூலில் ஏற்கெனவே இருப்பதால் 'தாய்க்கசிவு' எனலாம். அமெரிக்க மருந்தியல் வரம்பு, ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினம் (கியூரி என்பது கதிரியக்க அளவு). கறந்த நேரத்துக்கு மட்டுமல்ல, ஊசி போடும் நேரத்துக்கும் இந்த வரம்பு உண்டு: டெக்னீசியம் வேகமாகக் குறைய, மாலிப்டினம் மெதுவாகத்தான் குறையும், விகிதம் மணிக்கு மணி மோசமாகும். சோதனையும் எளிது. குப்பியை ஈயச் சிமிழில் வைத்து அளப்பார்கள். டெக்னீசியத்தின் 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரை ஈயம் தடுத்துவிடும், மாலிப்டினத்தின் 740 வெளியே வரும். அலுமினியம் கரைந்து வருவதற்குத் தனிச் சோதனை இருப்பதால், வெறும் 'கசிவு' என்று சுருக்க வேண்டாம்.

நிறப்பகுப்பில் (குரோமட்டோகிராபி) வழங்கும் 'கழுவி இறக்கல்' அங்கேயே இருக்கட்டும், 'கறத்தல்' இந்தப் பெட்டிக்கு மட்டும். டெக்னீசியத்தைக் கலந்து ஊசிமருந்தாக்குவதற்கான, எலும்பு ஸ்கேனுக்கு உதவும் எம்.டி.பி. போன்ற உலர்தூள் குப்பிகளைக் 'கிட்' என்கிறார்களே, அதற்கு வந்த 'தொகுப்பு' எனக்கு ஒப்பவில்லை. வேறு சொல் இருப்பவர்கள் எழுதுங்கள்.