பதில்: லோ-கீ படத்துக்குச் சொல்: 'இருளோங்கு படம்' சரியா?

எல்லாருக்கும் வணக்கம்.

கடற்பறவைப் படக் கையேட்டின் சொற்பட்டியலில் இன்னும் முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பது இந்த லோ-கீ (பெரும்பகுதி இருண்டு, ஒரு பகுதி மட்டும் ஒளிரும் படம்) ஒன்றுதான். இதுவரை வந்தவை எதுவும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒன்றை வைக்கிறேன், பிடிக்காவிட்டால் தாராளமாக அடித்துப் போடுங்கள்.

> குறையொளிப் படம் என்றே வைத்துவிடலாமே, யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது எடுப்பது வேறு, படத்தின் பெரும்பகுதி இருண்ட சாயலில் இருப்பது வேறு. நல்ல வெயிலிலேயே லோ-கீ எடுக்கலாம்: மழைமேகம் கருகருவென்று திரண்டு நிற்கிறது, மேகத்தின் இடைவெளி வழியாக வெயில் ஆலா என்ற கடற்பறவை ஒன்றின் மேல் மட்டும் விழுகிறது, அவ்வளவு போதும். கேமராவின் ஒளிமானிக்கு இது தெரியாது, அது எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் கருமேகத்தை வெளிறடித்து, ஆலாவின் வெள்ளையைச் சுத்தமாக எரித்துவிடும், அதாவது இறகு எதுவும் தெரியாத வெறும் வெள்ளையாக்கிவிடும். இங்கே ஒன்றோ இரண்டோ படி குறைத்தால்தான் இறகு இறகாகத் தெரியும். ஆக, குறைவது வெளிச்சம் இல்லை, நாம் கேமராவுக்குள் விடுகிற அளவு.

('படி' என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? ஸ்டாப் என்பதை 'நிறுத்தம்' என்று மொழிபெயர்த்தவர் மன்னிக்கவும், அது பேருந்துக்கு ஆகும். ஒரு படி கூட்டினால் ஒளி இரட்டிப்பு, ஒரு படி குறைத்தால் பாதி. அளவுக்கும் படி, ஏறி இறங்கவும் படி, இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்?)

> தாழ்சுருதிப் படம்?

'கீ' என்பதை இசையின் சுருதியாக எடுத்துக்கொண்ட சொல், கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இசையறிவு உள்ளவருக்கே நின்று யோசித்தால்தான் பிடிபடும், பட்டியலைப் புரட்டுகிற புது ஆளுக்கு அது என்ன சொல்லும்?

> நிழலுருவும் இதுவும் ஒன்றுதானே, ஏன் இரண்டு சொல்?

ஒன்றில்லை. பளபளக்கிற தண்ணீருக்கு முன்னால் நீர்க்காகம் கரிய உருவமாக நிற்பது நிழலுரு. அதில் பறவை கறுப்பு, பின்னணி வெளிச்சம், பல நேரம் படத்தில் பாதிக்கு மேல் வெளிச்சமாகவே இருக்கும். நாம் பேசுகிற படத்தில் பின்னணி இருள், பறவையின் ஒரு பகுதி மட்டும் வெளிச்சம். பெரிய கடற்காகம் ஒன்றை இப்படி எடுத்துப் பாருங்கள். தலை வெள்ளை, முதுகு சாம்பல், சிறகு நுனி கறுப்பு என்று மூன்று சாயலும் ஒரே உடம்பில் இருக்கும். அந்தக் கறுப்பு நுனி இருட்டோடு கலந்து காணாமல் போய்விடும், ஆனால் நுனியிலுள்ள வெள்ளைப் பொட்டுகள் மட்டும் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். சிறகு எங்கே முடிகிறது என்பதைப் பார்ப்பவரின் கண்ணே வரைந்துகொள்ளும். நிழலுருவில் இது நடக்காது, அங்கே வெளிவிளிம்புதான் எல்லாமே.

என் பரிந்துரை: இருளோங்கு படம். இருள் ஓங்கி நிற்கும் படம். 'ஓங்குமலை' போல வினைத்தொகை, சொல்லவும் சுலபம். ஹை-கீக்கு, அதாவது பெரும்பகுதி வெளிச்சமாக இருக்கும் படத்துக்கு, 'ஒளியோங்கு படம்' என்று இணையும் தானாகவே கிடைத்துவிடுகிறது. குறையொளியை எடுத்தால் அங்கே 'நிறையொளி' என்று ஏதாவது சொல்லி மறுபடி குழம்புவோம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் ஏற்கக் கூடாது என்பது என் கட்சி, ஆகவே கையேட்டின் ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

"இருளோங்கு படத்துக்குத் தானியங்கி முறையை நம்பாதீர்கள். பறவை கருமேகத்திலிருந்து வெளிறிய தொடுவானத்துக்குப் பறக்கும்போது அதன் மேல் விழும் ஒளி மாறுவதில்லை, பின்னணிதான் மாறுகிறது, ஆனாலும் கேமரா ஒளியளவை மாற்றிவிடும். வெள்ளை மார்பு எரியாதபடி ஒளியளவைக் கைமுறையாக நிலைநிறுத்திக்கொள்ளுங்கள். மேகம் நகர்ந்து வெயிலே மாறினால் மட்டும் திரும்ப அளவிடுங்கள். பறக்கும் பறவைக்கு மூடுவேகம் (ஷட்டர் வேகம்) 1/2000 நொடியை ஒட்டி இருக்கட்டும். அந்தியில் ஒளி இறங்க இறங்க முதலில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) ஏற்றுங்கள், வேகத்தைக் கடைசியில் விட்டுக்கொடுங்கள்."

தடுக்காமல் ஓடுகிறது என்றே நினைக்கிறேன்.

அடுத்து 'மூடி போர்ட்ரெய்ட்' (moody portrait), ஏதோ ஓர் உணர்வு கவிந்திருக்கும் உருவப்படம். தயவுசெய்து இதை இப்படியே எழுத்துப்பெயர்க்காதீர்கள். ஷட்டருக்கு ஏற்கெனவே சிலர் மூடி என்கிறார்கள், பாட்டில் மூடி வேறு இருக்கிறது. 'சோகப்படம்' என்று வந்ததும் சரிப்படாது. கடற்காகத்துக்குச் சோகம் ஒன்றும் இல்லை, அது பாட்டுக்கு மீன் தேடிக்கொண்டிருக்கிறது. 'மெய்ப்பாடு' எனக்கு மிகப் பிடித்த சொல்தான், ஆனால் அது உணர்கிறவர் உடம்பில் வெளிப்படுவது, படத்தில் கவிந்திருப்பது அல்ல. நெய்தலுக்கு எற்பாடும் இரங்கலும் நம்மிடம் இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்டிருந்தார். பொழுது சாயும் ஒளிக்கு 'எற்பாட்டொளி' என்று வைப்பதை முழுமனதாக ஆதரிக்கிறேன். இரங்கல் வேண்டாம், இன்றைக்கு அதைக் கேட்டாலே இரங்கல் செய்திதான் நினைவுக்கு வருகிறது. தற்போதைக்கு 'உணர்வுச்சாயல்' என்று குறித்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் நீளம்தான். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் பட்டியலில் இதையே ஏற்றிவிடுகிறேன்.