நம்ம குடும்பம்: பிருந்தா வரன்

வள்ளி அத்தை: பிருந்தாவுக்கு ஒரு வரன். பையன் ஒஹையோவில் பெரி அணுமின் நிலையத்தில் இன்ஜினியர். முரளி, உன் ஊர்ப் பக்கம்தானே? விசாரித்துச் சொல்.

சங்கர் அத்தான்: மாமா கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்தவர். அவர் மகளுக்கு அணு உலை மாப்பிள்ளையா 😄

சித்தப்பா: கூடங்குளம் கான்ட்ராக்ட் பணத்தில்தான் நம் வீட்டுக்கு மாடி எழும்பியது. அதையும் சொல்.

வள்ளி அத்தை: பழைய கதை வேண்டாம்.

சங்கர் அத்தான்: பெரி நிலையம் என்று தேடினால் லஞ்ச வழக்கு என்று கூகுளில் வருகிறதே?

முரளி: உண்மைதான் அத்தான். அப்போது நிலையத்தை ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற மின் கம்பெனியின் துணை நிறுவனம் நடத்தியது. எரிவாயு மலிவாகிவிட்டது, பெரி, டேவிஸ்-பெஸ்ஸி என்ற அவர்களுடைய இரண்டு அணு நிலையங்களும் தாக்குப்பிடிக்கவில்லை. மூடப் போவதாக 2018இல் அறிவித்தார்கள். 2019இல் இவற்றைக் காப்பாற்ற ஹவுஸ் பில் 6 என்ற ஒஹையோ சட்டம் வந்தது. கரண்ட் பில்லில் வீட்டுக்கு மாதம் 85 சென்ட் கூடுதல், இந்த இரண்டுக்கும் வருடம் 15 கோடி டாலர். நிறைவேற்றியவர் ஒஹையோ சட்டமன்ற சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டர். அவர் கையில் இருந்த ‘ஜெனரேஷன் நவ்’ அமைப்புக்குக் கம்பெனிப் பணம் சுமார் 6 கோடி டாலர் போனது. கொடுத்தவர் பெயரை வெளியே சொல்ல வேண்டாத அமைப்பு அது. அந்தப் பணத்தில் ஜெயித்த எம்எல்ஏக்களும் அவருக்கு ஓட்டுப் போட்டுச் சபாநாயகராக்கினார்கள்.

சித்தப்பா: 6 கோடி டாலரா!

வள்ளி அத்தை: பையன் மூல நட்சத்திரமாம்.

முரளி: இன்னும் இருக்கிறது. சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக மக்கள் கையெழுத்து வாங்கினார்கள். வாங்கும் ஆட்களையே ஹவுஸ்ஹோல்டர் தரப்பு காசு கொடுத்து இழுத்தது. ‘கையெழுத்துப் போட்டால் மின்சாரம் சீனா கைக்குப் போகும்’ என்று டிவியில் விளம்பரம்.

பெரியப்பா: எங்களையும் 2012இல் அப்படித்தான். பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் என்று பிரதமர் மன்மோகன் சிங்கே சொன்னார். மீன் விற்ற காசில் பந்தல் போட்டவர்கள் நாங்கள்.

சித்தப்பா: ஆரம்பித்துவிட்டார் அண்ணன்.

பிருந்தா: பணம் திரும்ப வந்ததா அண்ணா?

முரளி: அந்த 85 சென்ட்டை வசூலிக்கவிடாமல் நீதிமன்றம் தடுத்தது. 2021இல் அணு நிலையங்களுக்கான உதவியையே ரத்து செய்தார்கள். ஆனால் அதே சட்டத்தில் நுழைத்த இரண்டு பழைய நிலக்கரி நிலையங்களுக்கு வருடக்கணக்கில் கட்டினோம். அதில் ஒன்று இண்டியானாவில்! கம்பெனிக்கு 23 கோடி டாலர் அபராதம், ஹவுஸ்ஹோல்டருக்கு 2023இல் 20 வருட சிறை. ‘தொழிலாளர் வேலை போய்விடும்’ என்று அவர்களை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் இந்த வேலை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

வள்ளி அத்தை: பையன் மேல் தப்பு உண்டா?

முரளி: இல்லை அத்தை. 2024 முதல் நிலையம் விஸ்ட்ரா என்ற வேறு கம்பெனி கையில்.

பிருந்தா: அவர் 2022இல்தான் சேர்ந்தாராம்.

சங்கர் அத்தான்: அதற்குள் பேசியாகிவிட்டதா?

வள்ளி அத்தை: ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லட்டுமா அண்ணா?

பெரியப்பா: முதலில் பையனிடம் நான் பேசுகிறேன்.

சித்தப்பா: நீங்கள் பேசினால் வரன் ஓடிவிடும்.

பிருந்தா: அப்பா பேசட்டும் சித்தப்பா.

வள்ளி அத்தை: ஜாதகம் யாருக்காவது திறக்கிறதா?