போர் நடக்கும்போது செய்தியை நிறுத்தலாமா? நிறுத்தலாம் என்றால் யார் நிறுத்துவது?

சிக்னல்காரன்:
ராணுவத்தில் தகவல்தொடர்புப் பிரிவில் இருந்தவன் நான். என் கட்சி எதுவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை நடக்கும்போது எதை எழுதலாம், எதைக் காட்டலாம் என்பதை ராணுவம்தான் முடிவு செய்ய வேண்டும். பத்திரிகைச் சுதந்திரம் பேசுகிறவர்களில் பலர், செய்தி வெளியாகும் அந்த நிமிடத்தில் களத்தில் என்ன நடக்கும் என்று யோசிப்பதே இல்லை.

1982 மே மாதம், பாக்லாந்து போர். பிரிட்டிஷ் பாராசூட் படையின் இரண்டாவது பட்டாலியன், அர்ஜென்டினா படை இருந்த கூஸ் கிரீன் என்ற ஊரைத் தாக்கப் போகிறது. சண்டை இன்னும் தொடங்கவில்லை. மறைந்திருந்த வீரர்கள் வானொலியைத் திருப்பினால், அவர்கள் கூஸ் கிரீனை நெருங்கிவிட்டதாக பிபிசி உலகச் சேவையில் செய்தி ஓடுகிறது. அதே செய்தி அர்ஜென்டினா ராணுவத்தின் காதிலும் விழத்தானே செய்யும்? பட்டாலியன் தளபதி எச். ஜோன்ஸ் கொதித்துப்போனார். அந்தச் சண்டையில் அவரும் இறந்தார். செய்தியால்தான் இறந்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் தாக்கப் போகிறவன் தன் திட்டத்தைத் தானே வானொலியில் கேட்கும் நிலை எந்தச் சிப்பாய்க்கும் வரக்கூடாது.

2008 மும்பைத் தாக்குதலில் கமாண்டோக்களின் நடமாட்டத்தைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. தாக்குதலை இயக்கியவர்கள் பாகிஸ்தானில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துப் போனில் கட்டளை கொடுத்தார்கள். கசாப் வழக்கின் தீர்ப்பில் 2012இல் உச்ச நீதிமன்றமே இதைக் கடுமையாகக் கண்டித்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அச்சுமை:
சிக்னல்காரன் சார், கூஸ் கிரீன் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். கடற்படையோடு போன நிருபர்கள் எழுதியதெல்லாம் தணிக்கை அதிகாரியின் கையைத் தாண்டித்தான் ஊருக்கு வந்தது. கூஸ் கிரீன் செய்தி களத்திலிருந்து போகவில்லை, லண்டனிலிருந்து போனது. களத்து நிருபரின் வாயை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது வெளியே வந்திருக்கும்.

நானும் செய்தி அறையில் வேலை பார்த்தவள். படை எங்கே நகர்கிறது என்பதை முன்கூட்டி எழுத வேண்டும் என்று நினைக்கிற ஆசிரியர் எவரையும் நான் பார்த்ததில்லை. மும்பையில் நடந்தது தவறு, அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் கவலை வேறு. செய்தியை வெளியிட்டதால் வந்த கேட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நிறுத்தியதால் எத்தனை சிப்பாய்கள் செத்தார்கள் என்ற கணக்கை யார் போடுகிறார்கள்?

கிரிமியப் போரில் 1854இல் டைம்ஸ் நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல், காயம்பட்டவர்களும் நோயாளிகளும் சரியான கவனிப்பின்றிக் கிடப்பதை எழுதினார். குளிரிலும் காலராவிலும் ஆட்கள் சாவதை எழுதினார். எதிரிக்கு உளவு சொல்கிறார் என்று தளபதி ராக்லன் பிரபு அவர் மீது புகார் செய்தார். ஆனால் அந்தச் செய்திகளால் நாடு கொந்தளித்து, 1855 ஜனவரியில் அபர்டீன் பிரபுவின் அரசாங்கமே கவிழ்ந்தது. மருத்துவ வசதி திருந்தத் தொடங்கியதும் அந்தச் செய்திகளுக்குப் பிறகுதான். உங்கள் விதிப்படி ரஸ்ஸலின் கட்டுரை வந்தே இருக்காது.

எல்லைக்கோடு:
19ஆம் நூற்றாண்டுக் கதையெல்லாம் இப்போது எதற்கு? உயிர்போகும் ரகசியம் பற்றிப் பேசுவோம். 1942 ஜூனில் மிட்வே சண்டை முடிந்த உடனே சிகாகோ ட்ரிப்யூன் ஒரு செய்தி போட்டது: ஜப்பான் தாக்கப் போவது அமெரிக்கக் கடற்படைக்கு முன்னமே தெரியும் என்று, எதிரிக் கப்பல்களின் பெயர்களோடு. ஜப்பானின் சங்கேதக் குறியீட்டை அமெரிக்கா உடைத்துவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன பொருள்? அந்த ஒரு ரகசியம் வெளியே தெரிந்திருந்தால் பசிபிக் போர் இன்னும் எத்தனை வருடம் இழுத்திருக்கும்? விற்பனைக்காக நாட்டையே விற்கத் துணிந்தவர்கள்தான் நாளைக்கு வந்து சுதந்திரம் பேசுவார்கள். போர் என்று வந்தால் ஒரே குரல்தான் இருக்க வேண்டும். மற்றதை ஜெயித்த பிறகு பேசலாம்.

வழக்குக்கட்டு:
எல்லைக்கோடு, ட்ரிப்யூன் கதை நல்ல உதாரணம்தான். நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். அரசாங்கம் அந்தப் பத்திரிகை மீது குற்றம்சாட்ட முயன்றது. சங்கேதக் குறியீட்டைப் பற்றிச் சாட்சி சொன்னால் ரகசியம் இன்னும் பரவும் என்று கடற்படை கையை விரித்தது. குற்றச்சாட்டைப் பதிவு செய்ய ஜூரிகள் மறுத்துவிட்டார்கள். ஜப்பானியர்கள் அந்தச் செய்தியைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதனால் அதை வெளியிட்டது சரியென்று ஆகிவிடாது. அது மோசமான வேலை, அந்த மாதிரிச் செய்தியைத் தடுக்கத்தான் வேண்டும்.

இதைத் தடுக்க நீதிமன்றம் குறுக்கே நின்றதும் இல்லை. 1931இல் நியர் வழக்கில், வெளியீட்டுக்கு முன்பே தடை போடுவது கூடாது என்று சொன்ன அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம், துருப்புக் கப்பல் புறப்படும் தேதி, படைகள் இருக்கும் இடம், எண்ணிக்கை இவற்றைத் தடுக்கலாம் என்று விலக்கும் கொடுத்தது. கோடு அங்கேதான் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், அந்தச் சின்ன விலக்குக்குள் அரசாங்கம் எல்லாவற்றையும் திணிக்கப் பார்க்கிறது.

1971இல் வியட்நாம் போர் பற்றிய பென்டகனின், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின், ரகசிய ஆவணங்களை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டபோது, நாட்டின் பாதுகாப்பே போய்விடும் என்று அரசு நீதிமன்றம் ஓடியது. அரசுக்காக வாதாடியவர் எர்வின் கிரிஸ்வோல்ட். அவரே 1989இல் எழுதினார், அந்த வெளியீட்டால் பாதுகாப்புக்கு ஆபத்து வந்ததற்கு ஒரு சுவடுகூடத் தான் பார்க்கவில்லை என்று. ரகசிய முத்திரை பெரும்பாலும் அரசுக்கு வரும் சங்கடத்தை மறைக்கத்தான் குத்தப்படுகிறது என்றும் சொன்னார். ஒரு வக்கீலாக நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற சாட்சியம் இது.

சிக்னல்காரன்:
வக்கீல் சார், அந்த வழக்கு முதல் கட்டுரையிலிருந்து தீர்ப்புவரை எத்தனை நாள்? ஜூன் 13 முதல் ஜூன் 30 வரை. அது பழைய ஆவணம் என்பதால் அவ்வளவு நாள் தாங்கியது. ஏவுகணைக்கு அத்தனை நாள் வேண்டாம், சில நிமிடம் போதும். 2022 மார்ச்சில் கீவ் நகரில் ரெட்ரோவில் வணிக வளாகம் தாக்கப்பட்டது. அங்கே ராணுவ வாகனங்கள் நிற்பதை ஒருவர் படமெடுத்து டிக்டாக்கில் போட்டிருந்ததாக உக்ரைன் பாதுகாப்புத் துறை சொன்னது. அவர் நிருபர்கூட இல்லை. இப்போது கையில் போன் இருக்கிற எல்லோரும் ஒளிபரப்பாளர்கள்தான். எந்த நீதிபதியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மனு போடுவது? முதலில் நிறுத்து, அப்புறம் வாதாடு. களத்தில் வேறு வழி கிடையாது.

பனங்காடு:
நான் இலங்கையிலிருந்து வந்தவன். இங்கே எல்லோரும் சட்டமும் வரலாறும் கதைக்கிறீர்கள். "முதலில் நிறுத்து" என்பது நடைமுறையில் எப்படி முடியும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு நேரத்தில் பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டார், 2000 ஒக்டோபர். 2005 ஏப்ரலில், தராக்கி என்ற பெயரில் எழுதிய பத்திரிகையாளர் சிவராம் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே மாதம் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டார்கள், ஊழியர்கள் இருவர் செத்தார்கள். 2009 ஜனவரி 8 அன்று பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, பட்டப்பகலில், வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். அவர் சிங்களவர். பத்திரிகையாளர் திசைநாயகத்துக்கு, எழுதிய கட்டுரைகளுக்காகவே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 20 வருடத் தண்டனை கிடைத்தது. பிறகுதான் மன்னிப்பு வந்தது. புலிகளின் பகுதியிலும் எதிர்த்து எழுத இடமில்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் பேனாவுக்குப் பயந்தது.

கடைசிக் கட்டத்தில் சுயாதீன நிருபர் ஒருவரையும் வன்னிக்குள் விடவில்லை. அதன் விளைவு என்ன தெரியுமா? செத்தவர்களின் எண்ணிக்கைகூட எங்களிடம் இல்லை. 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐநா நிபுணர் குழு 2011இல் சொன்னது. அரசு அதை ஏற்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கணக்கு சர்ச்சையாகத்தான் கிடக்கிறது. தன் பிள்ளை எந்த நாள், எந்த இடத்தில் போனான் என்று தெரியாத தாய்மார் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் இருக்கிறார்கள். சிக்னல்காரன் ஐயா, எந்தப் படை நகர்வைக் காப்பாற்ற இது தேவைப்பட்டது?

எல்லைக்கோடு:
ஐயா, உங்கள் இழப்பின் மேல் நின்று வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீங்கள் சொல்வது கொலை. கொலையையும் தணிக்கையையும் ஒரே தட்டில் வைத்தால் எந்தத் தணிக்கையும் செய்ய முடியாமல் போகும். எதிரி நாடு பொய்ப் பிரசாரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கும்போது நம் கையை மட்டும் கட்டிப்போட வேண்டுமா?

அச்சுமை:
பொய்யை எதிரி மட்டுமா சொல்கிறான்? 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது, கராச்சி துறைமுகம் தாக்கப்பட்டது என்று இந்தியத் தொலைக்காட்சிகள் பல ராத்திரி முழுக்கக் கத்தின. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நீங்கள் கேட்ட ஒரே குரல் அதுதான், எல்லைக்கோடு. அதே நாட்களில் தி வயர் இணையதளம் முடக்கப்பட்டது, ரஃபேல் விமானம் பற்றிய ஒரு செய்திக்காக. மே 31 அன்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகானே சிங்கப்பூரில், விமான இழப்பு இருந்ததை ஒப்புக்கொண்டார்.

போரில் இருந்துகொண்டே வேறு மாதிரி நடந்த நாடு ஒன்றைச் சொல்கிறேன். உக்ரைனில் படை இருக்கும் இடத்தையோ குண்டு விழுந்த இடத்தையோ உடனே காட்டக் கூடாது. அங்கே நிருபர்களும் அதை ஏற்றுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். ஆனால் 2023 ஜனவரியில் பத்திரிகையாளர் யூரி நிகோலோவ், பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒப்பந்தத்தை எடுத்து வெளியிட்டார். கடையில் 7 ஹிரிவ்னியா விற்கும் முட்டையைச் சிப்பாய்களுக்காக 17 ஹிரிவ்னியாவுக்கு வாங்கியிருந்தார்கள். துணை அமைச்சர் பதவி விலகினார், அதே ஆண்டு செப்டம்பரில் அமைச்சரும் மாறினார். போர் நடக்கும்போது ராணுவ அமைச்சகத்தைத் தாக்கி எழுதினான் என்று நிகோலோவ் வாயை அடைத்திருந்தால் யாருக்கு லாபம்? ரஷ்யாவில் 2022 மார்ச்சிலேயே ராணுவத்தைப் பற்றிய 'பொய்'க்கு 15 ஆண்டுவரை சிறை என்று சட்டம் கொண்டுவந்தார்கள். எது பொய் என்று சொல்வதும் அவர்கள்தான்.

சிக்னல்காரன்:
முட்டை விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். சிப்பாயின் சாப்பாட்டில் கை வைத்தவனைத் தோலுரிக்க எந்தப் போரும் தடையாக இருக்கக் கூடாது.

விமான இழப்பில் உடன்பட மாட்டேன். எத்தனை விழுந்தது, எப்படி விழுந்தது என்பதுதான் எதிரிக்கு அந்த நேரத்தில் மிகவும் வேண்டிய தகவல். தன் ஏவுகணை வேலை செய்ததா, அடுத்து எதை மாற்ற வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும். பாக்லாந்தில் அர்ஜென்டினா போட்ட குண்டுகளில் பல வெடிக்கவில்லை. அந்த விஷயமும் செய்தியில் வந்தது. அங்கே கப்பலில் இருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று வாரம் கழித்து, தளபதி தன் வாயால் சொன்னது சரியான முறை. மூன்று வருடம் மறைத்திருந்தால் நானும் உங்கள் கட்சிக்கு வந்திருப்பேன்.

வழக்குக்கட்டு:
இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி என்றால், அந்த நாளைக் குறிப்பது யார்? 1945 மே 7 அன்று ஜெர்மனி சரணடைந்ததை ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் நிருபர் எட்வர்ட் கென்னடி நேரில் பார்த்தார். பெர்லினில் சோவியத் தரப்போடு இன்னொரு கையெழுத்துச் சடங்கு இருக்கிறது, அதுவரை வெளியிடாதே என்று உத்தரவு. அதில் படைப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? அரசியல்தான் இருந்தது. ஜெர்மன் வானொலியே அறிவித்த பிறகு அவர் தடையை மீறிச் செய்தி அனுப்பினார், வேலை போனது. ஏபி மன்னிப்புக் கேட்டது 2012இல். அவர் இறந்து பல பத்தாண்டு ஆகியிருந்தது.

என் கோரிக்கை சின்னது. நிறுத்துகிற அதிகாரி காரணத்தை எழுத வேண்டும், எந்தத் தேதியோடு தடை முடிகிறது என்று குறிக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். நீட்டிக்க வேண்டுமென்றால் ராணுவத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் கேட்க வேண்டும்.

சிக்னல்காரன்:
காரணம், தேதி, கையெழுத்து மூன்றும் சரி. எங்கள் வயர்லெஸ் பதிவேட்டில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வெளியாள் அனுமதி மட்டும் முதல் 72 மணி நேரத்துக்கு வேண்டாம்.

எல்லைக்கோடு:
72 மணி நேரம் என்பது போர் தெரியாதவர்கள் பேரம் பேசும் எண். நான் ஏற்கவில்லை. போர் முடியும்வரை என்றால் முடியும்வரைதான்.

பனங்காடு:
தேதி, கையெழுத்து எல்லாம் செய்தி எழுத ஆள் உள்ளே இருந்தால்தானே? காஸாவில் 2023 ஒக்டோபரிலிருந்து வெளிநாட்டு நிருபர்கள் தாங்களாக உள்ளே போக முடியவில்லை, இஸ்ரேல் ராணுவம் கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. உள்ளே இருந்த பாலஸ்தீன நிருபர்கள் சாகச் சாக எழுதினார்கள். நீங்கள் செய்தியைத் தாமதிப்பது பற்றிக் கதைக்கிறீர்கள், நான் பார்க்க விடாததைப் பற்றிக் கேட்கிறேன்.

அச்சுமை:
பனங்காடு அண்ணா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய். 128 எதிரிகளைக் கொன்றோம், 3 துப்பாக்கிகளைக் கைப்பற்றினோம் என்று அமெரிக்க ராணுவம் அறிக்கை கொடுத்தது. 128 பேருக்கு 3 துப்பாக்கி! அதை யாரும் கேட்கவில்லை. ராணுவப் படப்பிடிப்பாளர் ரொனால்ட் ஹேபர்லி அன்று தன் சொந்தக் கேமராவிலும் வண்ணப்படம் எடுத்தார். ராணுவக் கேமராவின் படச்சுருள் ராணுவத்திடம் போனது. பெண்களும் குழந்தைகளும் பாதையில் குவிந்து கிடந்ததை உலகம் பார்த்தது அந்தச் சொந்தக் கேமராவால்தான், ஒன்றரை வருடம் கழித்து, 1969 நவம்பரில்.

சிக்னல்காரன்:
மை லாய்க்கு என்னிடம் பதில் இல்லை, எந்தச் சிப்பாயிடமும் இருக்கக் கூடாது. பனங்காடு ஐயா, நிருபரை உள்ளே விடுவதற்கு நான் எதிரி இல்லை. 2003 ஈராக் போரில் அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கான நிருபர்களைக் கூடவே கூட்டிப்போனது. தொலைக்காட்சி நிருபர் ஜெரால்டோ ரிவேரா நேரலையில் மணலில் கோடு கிழித்துப் படை எங்கே நிற்கிறது என்று காட்டினார், அவரை வெளியேற்றினார்கள், அதற்காக மற்ற நிருபர்களை எல்லாம் அனுப்பிவிடவில்லை. என் பிரிவோடு நிருபர் வந்தால் அவருடைய செயற்கைக்கோள் போனை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். குறிப்பேட்டையும் கேமராவையும் தொட மாட்டேன். சண்டை முடிந்ததும் போன் அவர் கையில்.

பனங்காடு:
எங்களிடம் வந்தவர்கள் முதலில் வாங்கியது கேமராவைத்தான் ஐயா. உங்கள் விதியை நீங்கள் சட்டமாக எழுதித் தருவீர்களென்றால் மிச்சத்தைக் கதைக்கலாம்.