பூனைக்குக் கோழித் துண்டு: நடுவில் ஈரம் போகமாட்டேன் என்கிறது

வணக்கம். காரைக்குடிப் பக்கம் பூனைத் தின்பண்டம் வீட்டிலேயே செய்பவர்கள் வழி சொல்லுங்கள்.

தோல், எலும்பு இல்லாத நெஞ்சுக்கறி 500 கிராம். அரை மணி நேரம் ஃப்ரீசரில் இறுக்கி, 5 மி.மீ. கனத்தில் அரிந்து, உப்பில்லாமல் வேகவைத்து, துணியில் ஒற்றி, ஓடிஜியில் (சின்ன மின்சார அவன்) 100 டிகிரியில் 2 மணி நேரம். அதற்குக் கீழே சூட்டைக் குறைக்க முடியாது. மேல்புறம் அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. ஒடித்தால் நடுவில் வெளிறி, ரப்பர் போல வளைகிறது. மூன்றாம் நாள் டப்பாவில் பூஞ்சை. மேல்பக்கம் சீக்கிரம் இறுகி உள் ஈரத்தை அடைத்துக்கொள்கிறது போல. கதவில் மரக்கரண்டி செருகி ஆவியைப் போகவிட்டால் சரியாகுமா, கனத்தை 3 மி.மீ. ஆக்கணுமா? டீஹைட்ரேட்டர் (உணவு உலர்த்தும் கருவி) வைத்திருப்பவர்கள் சூடும் நேரமும் சொல்லுங்கள்.

முற்றத்து வெயிலில் காயப்போடச் சொல்லாதீர்கள். வற்றல் வேறு, கறி வேறு. காய்வதற்குள் கிருமி பெருகிவிடும். கருவாடும் வேண்டாம், அத்தனையும் உப்பு.

இதே கறியை வேகவைத்துச் சில வேளை முழுச் சாப்பாடாகவும் வைப்பதுண்டு. எலும்பில்லாத கறியில் கால்சியம் போதாது என்பதால் 500 கிராமுக்கு முட்டை ஓட்டு மாவு அரைத் தேக்கரண்டி. பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து தண்ணீரில் இறங்கிவிடும், ஆகவே வேகவைத்த தண்ணீரையும் கொட்டாமல் ஊற்றுகிறோம். டாரினுக்குக் கோழி இதயம் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் கடையில் ஈரலோடு கலந்துதான் தருகிறார்கள். ஈரல் கூடினால் வைட்டமின் ஏ மிகும். இதயம் மட்டும் தனியாகத் தரும் கறிக்கடை எது?

குழம்புச் சோறு யோசனை மட்டும் வேண்டாம், ஆச்சிமாரே. நம்ம ஊர்க் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்குமா? இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.